சித்தப்பாவின் கணக்கும் காற்றின் கணக்கும்

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போனில் கேட்டீர்கள்: சென்னையிலிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், ஒன்பது மணி நேரத்தில் முடியவேண்டிய பயணத்துக்கு டிக்கெட்டில் ஏன் பதினொன்றுக்குக் கிட்டப் போட்டிருக்கிறான்? வட்டிக் கணக்கைக்கூட விரல்விட்டுச் சரிபார்க்கிறவராயிற்றே நீங்கள்!

தூரம் சரிதான். ஆனால் அது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்தது. அந்த நூல் சிந்து மாகாணத்தின் மேல் ஏறி, கிழக்கு ஈரானைத் தாண்டி, காஸ்பியன் கடலில் பாதி வழியைத் தொட்டு, உக்ரைன் வழியாக லண்டனுக்கு வரும். அந்த வழியில்தான் இப்போதெல்லாம் சண்டை. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி ஜூலையில்தான் முழுதாகத் திறந்தது. 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் மூடிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மறுபடி கதவடைத்தது; ஜூனில் ஈரானும் மூடியது. விமானி சுற்றித்தான் வரவேண்டும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் கராச்சிதான் நமக்கு வாசல். 1932 அக்டோபர் 15ஆம் தேதி, லண்டனிலிருந்து வந்த தபாலை கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் அதை வாங்கிக்கொண்டு, பெல்லாரியில் ராத்தங்கி, மெட்ராஸில் இறக்கினார்.

அடுத்தது காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். குளிர்காலத்தில் வேகம் அதிகம். வரும்போது அதை எதிர்த்து வருகிறீர்கள், திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். அதனால்தான் ஊர் திரும்ப நேரம் குறைவு. ஹீத்ரோவில் இருப்பதோ இரண்டே ஓடுபாதை. முறை வரும்வரை வானத்திலேயே வட்டமடிக்க விடுவதும் உண்டு.

துபாய் வழி மலிவு என்று தம்பி சொல்கிறான். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; சுமார் 200 கிலோமீட்டர்தான் கூடும். ஆனால் அங்கே காத்திருக்கும் நேரத்தையும், முனையம் முழுக்க நடப்பதையும் எந்த டிக்கெட்டிலும் போடமாட்டார்கள். சித்தியின் முழங்காலுக்கு அது ஆகாது.

காசு கொஞ்சம் கூடினாலும் நேரடி விமானத்திலேயே எடுங்கள். பதிவு செய்யும்போதே சித்திக்கு வீல்சேர் கேட்டுவிடுங்கள், ஓரத்து இருக்கையாகவும் பார்த்து வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் விமானத்தின் நேரத்தை மறுபடி ஒருமுறை பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.