பந்தியில் ஓர் இடம்

உல்லாசக் கப்பலொன்றிற் செல்லும் முப்பது பேர் ஒரே மேசையில் உண்ணல் அரிது. எட்டுப்பேர் அமரும் மேசைகளாயின் நான்கு வேண்டும். வழமையான முறைப்படி இராப்போசனம் முன்பந்தி, பின்பந்தி என இரண்டாக நடைபெறும். ஆகவே, பதிவுகளை ஒன்றிணைத்து, ஒரே பந்தியில் அயல் மேசைகளைத் தருமாறு புறப்படுமுன்னரே கேட்டல் வேண்டும்.

ஆயின், அத்துடன் சிக்கல் தீர்வதில்லை. 1912இல் டைட்டானிக் கப்பலில் முதல் வகுப்பினர் 'டி' தளத்திலும் மூன்றாம் வகுப்பினர் அதற்குக் கீழே 'எஃப்' தளத்திலும் உண்டனர்; அங்கே கட்டணம் இடத்தை வகுத்தது. குழுவினுள்ளோ உறவும் செல்வாக்கும் வகுக்கின்றன. குடும்பத்து மூத்தவரின் அருகே அமரப் பலர் முந்துவர். துணையின்றி வந்த ஒருவர் கடைசி மேசையின் ஓரத்தில் எஞ்சுவார். பட்டியலில் முதலில் எழுதப்பட வேண்டியது அவருடைய பெயரே.