துக்க வீட்டில் கேட்பது

விருதுநகரில் பொதுத்தொண்டு என்பது ரோட்டரியும் அரிமா சங்கமும் வந்த பிறகு முளைத்த பயிரன்று. வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினர். பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அப்படிச் சேர்ந்ததைக் கொண்டு வளர்ந்ததே 1889இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை. காமராசர் பயின்ற பள்ளி. பிடி அரிசி கொடுத்ததற்காக யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தியதாகக் கேள்விப்பட்டதில்லை.

நான் உறுப்பினனாயிருக்கும் சேவைச் சங்கத்தில் பொன்னாடைகளுக்குக் குறைவில்லை. கூட்டத்தின் பாதி நேரம் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்வதிலேயே கழியும். மீதியில் பாதி நன்றியுரைக்கு. இதைக் கண்டு நகைக்கும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களின் நகைப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் இச்சங்கங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. இளம்பிள்ளைவாதத்தை உலகிலிருந்தே ஒழிப்பதென 1985இல் ரோட்டரி இயக்கம் பணியேற்றது. நம் நாட்டில் 1995இல் தொடங்கிய சொட்டு மருந்து முகாம்களில் மேசை போட்டு உட்கார்ந்த தொண்டர்களுள் இச்சங்கத்தார் பலர். 2011 சனவரிக்குப் பின் இயற்கையாய்ப் பரவும் போலியோக் கிருமியால் இந்தியாவில் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களைத் தேடி வந்தபோதும், பந்தலையும் சோற்றையும் பார்த்துக்கொள்ள உள்ளூர்ச் சங்கங்கள் முன்வந்தன.

எங்கள் மாவட்டத்தின் துயரமோ வேறு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் தொலைவில் ஒரு பேரொலி கேட்டால், திண்ணையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தி எந்தத் திசையில் புகை எழுகிறதென்று பார்ப்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடியொலி கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். ‘தொண்டர்’ என்ற சொல்லை எந்த மேடையில் கேட்டாலும் எனக்கு அவர்கள் நினைவே வருகிறது. அவர்களுடைய சட்டையில் எந்தச் சங்கத்தின் சின்னமும் இருந்திராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டாசுப் பகுதிச் சங்கங்களில் ஆலை நடத்துபவர்களும் இருப்பார்கள். உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சி ஆளும் மருந்தும் இருப்பதும் விபத்து விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வெளிப்படும் காரணங்கள். “அந்த அறையில் நாலு பேரைக் குறைப்பது நாம் நடத்தும் பத்து முகாம்களுக்குச் சமம்” என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். தலைவர் மணியை அடித்து அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். சொன்னவர் இன்றும் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறார், நானும் கட்டுகிறேன்.

விபத்து நாளில் இரத்தம் கொடுக்க இளைஞர்கள் திரள்வதுண்டு. நல்ல மனம்தான். ஆனால் தீக்காயம் பட்டவர்க்கு முதல் சில மணி நேரத்தில் பெரிதும் வேண்டுவது நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர். இரத்தம் பின்னர், அறுவை சிகிச்சை தொடங்கும்போது தேவைப்படும். சேமித்த இரத்தமோ ஐந்து, ஆறு வாரங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, மாதந்தோறும் பத்துப் பேர் தவறாமல் கொடுப்பது மேல். அதற்கு ஒரு பெயர்ப்பட்டியலும் சலிக்காமல் தொலைபேசியில் அழைக்கும் ஓர் ஆளும் வேண்டும். பொன்னாடைகளைத் தாண்டிச் சங்கம் பயன்படும் இடம் இதுவே என்பது என் எண்ணம்.

பலர் அறியாதது தோல் கொடை. இறந்தவரின் தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் தோலின் மெல்லிய மேலடுக்கை மட்டும் எடுக்கிறார்கள். உடல் உருக்குலைவதில்லை. இரத்த வகை பொருந்தவேண்டியதில்லை. பதப்படுத்தினால் பல ஆண்டுகள் காக்கலாம். வெந்த உடம்பின்மேல் அதைப் போர்த்தும்போது நோய்க்கிருமி அண்டுவது குறைகிறது, நீர் வற்றுவது குறைகிறது, வேதனை தணிகிறது. கோவை கங்கா மருத்துவமனையில் ரோட்டரி சங்கத்தின் துணையோடு இதற்கென ஒரு வங்கி அமைந்துள்ளது. இறந்து ஆறு மணி நேரத்திற்குள் எடுப்பது நலம்; எங்களூருக்கும் கோவைக்குமான பயணமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எனவே நாங்கள் வாங்கும் ஒப்புதலில் கண்ணும் தோலும் இரண்டும் உண்டு. கண் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தோல் போய்ச் சேர்வது அந்த நாளின் கையில்.

கடினமானது கேட்பதுதான். பெட்டி வந்து இறங்கும் வேளையில், அழுகைக்கு நடுவே, மூத்த மகனைத் தனியே அழைத்துக் கேட்கவேண்டும். சில வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: உயிர்ப்பின் நாளில் உடல் முழுமையாக இருக்கவேண்டாமா என்பது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995இல் எழுதிய ‘வாழ்வின் நற்செய்தி’ மடலில், உறுப்புக் கொடையை அன்றாட வாழ்வின் வீரச்செயல்களுள் ஒன்றாகப் போற்றியிருப்பதை எடுத்துச் சொல்வேன். அதற்குமேல் வாதாடுவதில்லை. மண்ணுக்குப் போகும் உடலைப் பற்றிய அச்சம் வாதத்தால் தீர்வதன்று.

இதனால் இப்போது இருக்கும்போதே கேட்டுவிடுகிறோம். தீப்பெட்டி ஆபீசில் நாற்பது ஆண்டு உழைத்த ஒரு பெரியவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நம்ம தோலு கறுப்பாச்சே. செவப்பா இருக்கிறவுகளுக்கு ஒட்டுமா?”

போர்த்திய தோல் நிலைப்பதில்லை என்றும், இரண்டு மூன்று வாரத்தில் அது உதிர்வதற்குள் மருத்துவர்கள் நோயாளியின் சொந்தத் தோலை வளரச் செய்துவிடுவார்கள் என்றும் விளக்கினேன்.

“அப்ப மூணு வாரத்துக்குச் சட்டைன்னு சொல்லுங்க” என்றார். பின்பு அடுப்படியிலிருந்த மனைவியை அழைத்தார். “அன்னைக்கு நீ அழுதுக்கிட்டே இருந்துராத. மொதல்ல இவுகளுக்குப் போன் பண்ணணும்” என்று சொல்லி, சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிவைக்கச் சொன்னார்.