அங்கோரில் ஒரு வினா

கடல் கடந்து சென்று பண்டைக் கோயில்களைக் காண்பார் பலர். அவருட் சிலர் கல்லின் எழிலைக் கண்டு மீள்வர். சிலர் அரசர் வரலாற்றை ஆராய்ந்து மீள்வர். சிலர் படம் பிடித்துக்கொண்டு மீள்வர். ஆயினும், அக்கோயிலில் இன்றும் வழிபாடு நிகழுமாயின், பிற சமயத்தான் ஒருவன் அதன்கண் எங்ஙனம் நிற்றல் வேண்டும் என்னும் வினா எழாமற் போகாது. அவ்வினாவை எமக்கு எழுப்பியது கம்போடியா நாட்டு அங்கோர் நகரம்.

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையாரும் அவர்தம் கணவரும் அந்நாட்டிற்குச் செல்லத் துணிந்தனர். அவர்களுக்கு மணமாகி ஓராண்டே கழிந்திருந்தது. முதுகில் ஆளுக்கொரு பை மட்டும் சுமந்து, எளிய விடுதிகளில் தங்கி வருவதென்பது அவர்கள் கருத்து. "தம்பி தமிழ் படிக்கிறவன், பழைய எழுத்தைக் கண்டால் மகிழ்வான்" என்று அத்தான் பரிந்துரைத்தமையால், மூன்றாம் பையைச் சுமக்கும் பேறு எனக்குக் கிட்டிற்று. அவர் கூறியது மெய்யே. கெமர் எழுத்து நம் பல்லவர்கால எழுத்தின் வழிவந்தது; கி.பி. 967-இல் எழுந்த பந்தே ஸ்ரேய் என்னும் சிவன் கோயிலின் வாயில் நிலைகளில் அதனைக் கண்டு யான் நெடுநேரம் நின்றதுண்டு.

சீயம் ரீப் நகரில் தங்கி, வாடகைச் சைக்கிளில் விடியுமுன் அங்கோர் வாட் சென்றோம். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த பெருங்கோயில் அது. அதனைச் சூழ்ந்த அகழி ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுடையது. கீழைத் திருச்சுற்றிலே பாற்கடல் கடைந்த கதை 49 மீட்டர் அளவு நீண்டு செதுக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் இக்கோயில் பௌத்தர் வழிபாட்டிடமாயிற்று. வந்தவர் புத்தர் உருவங்களை நிறுவினர். பாற்கடற் சிற்பத்தை அழித்திலர்.

அவ்வுருவங்களுள் ஒன்றன்முன் வெண்ணிற ஆடையணிந்து தலைமழித்த மூதாட்டியார் ஒருவர் அமர்ந்திருந்தார். மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்துதல் அந்நாட்டு வழக்கம். அவர் புன்முறுவலோடு சிவந்த நூலை எடுத்து, அக்காளையும் அத்தானையும் அருகழைத்தார். அக்காள் மண்டியிட்டுக் கைநீட்டினார். அத்தானோ, காலணியைக் கழற்றிவிட்டுச் சற்றே பின்னின்று, கைகூப்பித் தலைதாழ்த்தினாரேயன்றிக் கைநீட்டினாரல்லர். மூதாட்டியார் அதற்கு வருந்தாது தாமும் கைகூப்பினார்.

அன்று மாலை விடுதியில் உண்ணுங்கால் வழக்குப் பிறந்தது.

"வயது முதிர்ந்தவர் அன்போடு கட்ட வந்ததை மறுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" என்றார் அக்காள்.

"அது வெறும் நூலன்று, அவருடைய வேண்டுதல். அதில் நம்பிக்கையில்லாத நான் கை நீட்டினால், அவர் முன்னே நடிப்பதாகாதா?" என்றார் அத்தான்.

"அப்படியானால் நான் நடித்தேனா?"

அதன்பின் இருவரும் பேசினாரல்லர். மூவர் செல்லும் பயணத்தில் இருவர் வாய்மூடின் மூன்றாமவன் படும்பாடு சொல்லுந் தரமன்று.

மறுநாள் தா ப்ரோம் சென்றோம். ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தன் தாயின் பொருட்டு நிறுவிய பௌத்தக் கோயில் அது. மரவேர்கள் சுவர்களைத் தழுவி நிற்கும் அவ்விடத்தே, மாடங்கள் சிலவற்றில் புத்தர் உருவம் உளியாற் கொத்தி நீக்கப்பட்டிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஜெயவர்மன் ஆட்சியில் இது நிகழ்ந்ததென்பர் ஆராய்ச்சியாளர். அண்மைக் காலத்தும், 1975 முதல் 1979 வரை, கெமர் ரூஜ் ஆட்சியில் துறவிகள் காவியுடை களையப்பெற்றனர், பலர் கொல்லப்பட்டனர். முதல்நாள் யாம் கண்ட மூதாட்டியாரின் வயதினர் அக்கொடுமையைத் தம் இளமையிற் கண்டவராவர்.

வெறுமையாயிருந்த மாடத்தின்முன் அத்தான் நெடுநேரம் நின்றார். "உளி எடுத்தவனும் தன் நம்பிக்கையில் உறுதியாகத்தான் இருந்திருப்பான்" என்றார்.

"நீங்கள் உளி எடுக்கவில்லையே, செருப்பைத்தானே கழற்றினீர்கள்" என்றார் அக்காள்.

"நீயும் நடிக்கவில்லை" என்று கூறி, அவர் அக்காளின் பையையும் தாமே வாங்கிச் சுமந்தார்.

இவ்விருவருள் யார் செய்தது தக்கது? விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப்பற்றிப் பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் அறிவையும் அன்பையும் ஒருங்கு வைத்து ஆராய்கின்றார். அத்தான் மெய்ம்மையைப் பேணினார்; அக்காள் அன்பைப் பேணினார். ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளுதல் எனக்கு அரிதாகவே உளது. அந்நூல் இன்று நிறம் வெளிறி அக்காள் கையில் உள்ளது. அதனைக் கழற்றுமாறு அத்தான் ஒருநாளும் கூறினாரல்லர்.

நண்பர்காள், இவ்வினா அங்கோரோடு ஒழிவதன்று. திருவாசகத்தையும் திவ்யப் பிரபந்தத்தையும் வகுப்பிற் பயிலும் கிறிஸ்தவ மாணவர் யாம். பிறர் கண்ணீரோடு தொழுது பாடியதை யாம் பாடமாக ஓதுகின்றோம். தேர்வுக்கு உரை எழுதுகின்றோம். எம் நம்பிக்கையை மறைத்து அவற்றை ஓதவும் வேண்டா. அவை வெறும் இலக்கணச் சான்றுகளென எண்ணிப் புரட்டவும் வேண்டா. பிறர் தொழும் இடம் இஃது என்பதை உணர்ந்து, காலணியைப் புறத்தே விட்டு உள்ளே புகுதல் நூலுக்கும் ஏற்றதேயாம்.