பத்துக் கக்கூசுக் காசு

களுதாவளை,
ஐப்பசி.

அன்பின் மச்சாள்,

டொரன்டோவில உங்கட ஊர்ச் சங்கம் நம்மட ஊரில பத்துக் கக்கூசு கட்டக் காசு சேர்த்திருக்கெண்டு எழுதியிருந்தாய். சந்தோசம்தான். ஆனா அந்தக் காசை இஞ்ச போடாதீங்க. ஆத்துக்கு அங்கால, படுவான்கரைக்குக் குடுங்க.

இஞ்ச கக்கூசு இல்லாத வளவு குறைவு. கரைச்சல் குழியில. அம்மம்மாட காலத்து ஒரு வளவு மூண்டு பொம்பளப் பிள்ளைகளுக்குச் சீதனமாப் பிரிஞ்சு, இப்ப மூண்டு வீடு, மூண்டு கிணறு, மூண்டு குழி. குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி விடச் சொல்லுவார் சுகாதாரப் பரிசோதகர், நம்மட பி.எச்.ஐ. ஐயா. 10 பேர்ச்சஸ் காணியைச் சதுரமா எடுத்தா ஒரு பக்கமே 52 அடிதான். நம்மட கிணத்துக்குத் தள்ளி வெட்டினா வேலிக்கு அங்கால தங்கச்சிட கிணத்துக்குக் கிட்டப் போயிடும். மணல் நிலம் வேற. மாரியில தண்ணி மேல வந்திடும், குழியில இறங்கினது ஊத்தோட கலக்கும். வெத்திலை, மிளகாய்த் தோட்டத்து யூரியாவும் அதோட சேரும். கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறம் எண்டுவாங்க. கொதிச்சாக் கிருமி சாகும், குழியாலயும் யூரியாவாலயும் வாற நைத்திரேற்று போகாது; தண்ணி வத்த வத்த அது கூடும். அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுப் போத்தலில குடிக்கிற கைப்பிள்ளைக்குத்தான் பயம். இதுக்குப் புதுக் கக்கூசு உதவாது. அடியும் பக்கமும் பூசின தாங்கி, நேரத்துக்கு வந்து இறைக்கிற பவுசர், எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணி: உங்கட சங்கம் தாங்கிற செலவில்ல இது.

படுவான்கரையில, வெல்லாவெளிப் பக்கம் வேற கதை. பொம்பளைகள் விடியமுன்னம் பத்தைக்குப் போகுதுகள், அந்த நேரம்தான் ஆனையும் திரியும். 2011 தை வெள்ளத்தில வயலும் முத்தமும் ஒண்டாக் கிடந்திச்சே, நிலமட்டத்தில கட்டின குழியெல்லாம் நிரம்பி உள்ள இருந்தது வெளிய மிதந்தது. அதனால அங்க கட்டுறதெண்டா கொங்கிறீட் வளையத்தை நிலத்துக்கு மேல உயர்த்தி, சுத்திவர மண் போட்டு இறுக்கி, படி வச்சு ஏறுற மாதிரிக் கட்டவேணும். குழியும் ரெண்டு வேணும். ஒண்டு நிரம்பினா மூடிப்போட்டு மத்ததுக்குத் திருப்பிவிடலாம். ரெண்டு வருசம் கிடந்தாப் பழசு மண்ணாயிடும். பவுசர் ஏறாத ஒழுங்கையில வேற வழியில்ல.

இப்பிடிக் கட்டினாப் பத்து வராது மச்சாள், அஞ்சு வந்தாலே பெரிய காரியம். சங்கத்தாருக்கு அது கசக்கும். சுனாமிக்குப் பிறகு எண்ணிக்கைக்காகக் கட்டினதுகளை நீயும் கண்டனீதானே? திறப்புவிழாவுக்கு ஆக்கள் வந்து படம் எடுத்தாங்க, குழி நிரம்பின நாளில ஒருத்தரையும் காணல்ல. கிட்டத் தண்ணி இல்லாத கக்கூசுகளில விறகு அடுக்கிக் கிடந்திச்சு. கதவில பேர் பொறிக்கிறதெண்டாப் பொறிக்கட்டும். ஆனா ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஒரு தண்ணித் தொட்டிக்கும் காசு ஒதுக்கச் சொல்லு. குழி வெட்டுறது வீட்டுக்காரர் பொறுப்பு. தாங்க வெட்டின குழியெண்டா ஒள்ளுப்பமாவது கவனிப்பாங்க.

மாரி தொடங்கிட்டு, இனி மாசி கழிஞ்சுதான் அங்க குழி வெட்டேலும். அதுக்குள்ள சங்கத்தாரோட கதைச்சு, அஞ்சுக்கு ஒத்துக்கொள்ளுவாங்களா எண்டு எழுது. மறுகாத்தான் நான் மேசனோட கதைக்கலாம்.

அன்புடன்,
உன் மச்சாள்