எந்தப் படகில் ஏறுவது?

புடவைக் கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? இருபது புடவையையாவது பிரித்துப் போடச் சொல்கிறோம். சாயம் நிற்குமா, ஜரிகை கறுக்குமா, முந்தானை நீளம் போதுமா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அப்படியும் மனசு சமாதானம் ஆகாமல் அடுத்த கடைக்குப் போகிறோம். புடவை கிழிந்து போனால் நஷ்டம் என்ன? சில ஆயிரம் ரூபாய்.

ஆனால் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகிற படகை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், தெரியுமா? "மாடி இருக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஏறுங்கள்!" அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் செய்தேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு ஆலப்புழைக்குப் புறப்பட்டோம். நான், என் கணவர், அறுபத்தெட்டு வயதான என் மாமியார், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் முற்பகலில் ஆலப்புழை. ஊருக்குள் நுழைந்ததுமே வாய்க்கால்கள் கண்ணில் படுகின்றன. நம் ஊரில் வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற மாதிரி, அங்கே வீட்டுக் கொல்லையில் படகு கட்டியிருக்கிறது.

ஆலப்புழைக்குக் கிழக்கே விரிந்து கிடப்பது வேம்பநாட்டுக் காயல். இந்தியாவிலேயே மிக நீளமான ஏரி அதுதான். அதைச் சுற்றியுள்ள குட்டநாட்டில் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். படகில் போகும்போது தண்ணீர் மேலே இருக்கும்; நெல் வயல் கீழே இருக்கும்! கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலத்தில் கரை கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றிப் பயிர் செய்கிறார்கள். உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013-ல் இதை அங்கீகரித்தது.

இத்தனையையும் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். எந்தப் படகில்?

படகா, பங்களாவா?

புன்னமடைப் படகுத்துறையில் நின்றபோது எங்களுக்குக் கண் கூசியது. வரிசை வரிசையாகப் படகு வீடுகள்! "இது என்னம்மா, படகா, பங்களாவா?" என்றார் என் மாமியார்.

இவற்றின் மூதாதை கெட்டுவள்ளம் என்னும் சரக்குப் படகு. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிச் செய்வார்கள். அந்தக் காலத்தில் குட்டநாட்டு நெல்லை மூட்டை மூட்டையாகக் கொச்சிக்குக் கொண்டு போனவை இவைதான். லாரி வந்ததும் இவற்றுக்கு வேலை போயிற்று. 1990-க்குப் பிறகு யாரோ புத்திசாலிகள் மூட்டை இருந்த இடத்தில் கட்டில் போட்டார்கள். அன்றிலிருந்து யோகம்தான்.

நாங்கள் செல்போனிலேயே படம் பார்த்து, ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தோம். இரண்டு மாடிப் படகு. பையன் அதைப் பார்த்ததும் துள்ளினான்.

கிட்டே போனதும்தான் விஷயம் தெரிந்தது. எங்களுக்கு மட்டும் என்று சொன்ன படகில் இன்னொரு கோஷ்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பெரும்பாலோர் மேல் மாடியில். மூன்றாவதாக ஒரு குடும்பமும் மூட்டை முடிச்சோடு வந்து கொண்டிருந்தது. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். ஒரு மூலையைக் காட்டினார்கள். எண்ணினேன். எட்டு. ஆட்களோ இருபதுக்குக் குறையாது.

"ஒன்றும் ஆகாது, அம்மா. தினம் போகிற படகுதானே!" என்றார் படகுக்காரர்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முன்பணம் கட்டியாயிற்று, வெயில் ஏறுகிறது, பையன் ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டான். உண்மையைச் சொல்லுகிறேன், நான் ஏறத்தான் இருந்தேன்.

அப்போது என் மாமியார் பையனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "இதிலே எத்தனை பேர் ஏறலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று படகுக்காரரைக் கேட்டார். அவர் சிரித்து மழுப்பினார்.

"நான் வரவில்லை. குழந்தைகளும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு மாமியார் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, ஆயிரம் ரூபாய்..." என்று இழுத்தார் என் கணவர்.

"போகட்டும்டா."

ஆயிரம் ரூபாய் போயிற்று. பையன் அழுத அழுகையில் படகுத்துறையே திரும்பிப் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் அவரே சொன்னார்: "எனக்கு அப்போது எட்டு வயசு. காவேரியில் ஆடிப் பெருக்கு. பரிசலில் ஏறலாம் என்பது எட்டுப் பேர். ஏறினது பன்னிரண்டு பேர். 'ஒன்றும் ஆகாது' என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். எங்கள் அண்ணன் அதிலேதான் போனான்."

மாமா ஒருவர் சின்ன வயதில் இறந்தார் என்று மட்டும் என் கணவருக்குத் தெரியும். எப்படி இறந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆயிரம் ரூபாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு காப்பிக் காசில் உல்லாசம்

அப்படியே ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அரசாங்கப் படகுத்துறை ஒன்று இருக்கிறது. கேரள மாநில நீர்வழிப் போக்குவரத்துத் துறை 1968-ல் ஏற்பட்டது. அதன் தலைமை அலுவலகமும் ஆலப்புழையில்தான். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, அதன் படகுகள் கரைக்குக் கரை நின்று ஆட்களை ஏற்றி இறக்கிப் போகின்றன. நெடுமுடிக்கு ஐந்து டிக்கெட் வாங்கினோம். தலைக்கு ஒரு காப்பிக் காசுகூட ஆகவில்லை.

அன்று பார்த்ததைப் படகு வீட்டில் பார்த்திருக்க முடியாது. பள்ளிக்கூடப் பெண்கள் பையும் பின்னலுமாக ஏறினார்கள். ஒரு பாட்டி காஸ் சிலிண்டருடன் ஏறினாள். துறையில் ஓர் அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே படகு ஓட்டுபவரிடம் ஏதோ விசாரித்தாள். என் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் மலையாளத்தில் பேச, இவர் தமிழில் பேச, இருவருக்கும் எல்லாம் புரிந்தது. கரிமீன் விலை வரைக்கும் விசாரித்து முடித்துவிட்டார்கள்!

திரும்பி வந்தபோது துறையில் ஒரு வயதான படகோட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். காலையில் நடந்த கூத்தை அவரும் பார்த்திருந்தாராம். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "நல்ல படகு, கெட்ட படகு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தத் தண்ணீருக்கு, யாருக்கு என்று கேட்க வேண்டும்."

அவரிடம் கேட்டதையும், மறுநாள் நாங்களே அனுபவித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

யாருக்கு எந்தப் படகு?

படகு வீடு: அடிப்பாகம் அகலம், வேகம் குறைவு. உள்ளேயே சமையல், படுக்கை, குளியலறை. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் சௌகரியம். ஆனால் குறுகிய வாய்க்காலுக்குள் இது நுழையாது. இரவில் ஓடவும் ஓடாது. மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் மாலையிலேயே கரையில் கட்டிவிடுவார்கள். இரவெல்லாம் காயலில் மிதப்போம் என்று கனவு காணாதீர்கள். ஏ.ஸி. பகலிலும் ஓடுமா, இரவில் மட்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கழிவுத் தொட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தத் தண்ணீரில்தான் அந்த ஊர்ப் பெண்கள் பாத்திரம் துலக்குகிறார்கள்.

ஷிகாரா: பெயர் காஷ்மீரத்திலிருந்து வந்தது; எஞ்சின் இங்கே பொருத்தியது. மேலே கூரை, உள்ளே மெத்தை. மணிக் கணக்கில் வாடகை. நடுத்தர வாய்க்கால்களில் தாராளமாகப் போகும். நாலைந்து பேர் குடும்பத்துக்கு முதல் அனுபவத்துக்கு இதுவே உத்தமம். மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமியாரை அதில்தான் ஏற்றினோம். வெயில் இல்லை, கூட்டம் இல்லை. நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக் கொண்டிருந்தன.

துடுப்பு வள்ளம்: கையால் தள்ளுகிற சின்னப் படகு. சத்தமே இல்லாமல், வீட்டு வாசல் வரைக்கும் போகும். குட்டநாட்டை உள்ளபடி பார்க்க இதற்கு நிகர் கிடையாது. ஆனால் தாழ உட்கார வேண்டும்; நினைத்தபோது எழுந்திருக்கக் கூடாது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் துறுதுறுப் பிள்ளைகளுக்கும் ஆகாது. என் கணவரும் பெண்ணும் மட்டும் போனார்கள். பையன் கரையிலிருந்து கை ஆட்டினான்.

அரசாங்கப் படகு: மெத்தை கிடையாது, செலவும் கிடையாது. ஆலப்புழையிலிருந்து கோட்டயம் வரைக்கும்கூட இதில் போகலாம். வடக்கே வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017-ல் சூரிய சக்தியால் ஓடும் பயணிகள் படகு ஒன்றை விட்டார்கள். இந்தியாவில் அந்த ரகத்தில் அதுவே முதல். 75 பேர் ஏறலாம். பெரியார் சிறை சென்ற 1924 சத்தியாக்கிரகம் நடந்த அதே வைக்கம்தான்.

சுண்டன் வள்ளம் என்ற பாம்புப் படகும் இங்கே உண்டு. நூறு அடிக்கு மேல் நீளம். நூறு பேர் துடுப்புப் போடுவார்கள். 1952-ல் பண்டித நேரு வந்தபோது பந்தயத்தைப் பார்த்து உற்சாகம் தாங்காமல் வெற்றி பெற்ற படகில் ஏறிவிட்டார். பிறகு வெள்ளிக் கோப்பை ஒன்றையும் அனுப்பினார். நேரு கோப்பைப் பந்தயம் அப்படிப் பிறந்தது. நாம் கரையில் நின்று கை தட்டினால் போதும்!

'ஒன்றும் ஆகாது'

சென்னைக்கு வந்த பிறகு பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். 2002 ஜூலையில் இதே வேம்பநாட்டுக் காயலில், முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பரில் தேக்கடியில் இரண்டு மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் இருட்டும் வேளையில் 22 பேர். அது மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது என்று பிறகு தெரிந்தது. தானூர்ப் படகிலும் முகம்மாப் படகிலும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

இது ஏன் என்று நம் சமையலறையிலேயே தெரிந்து கொள்ளலாம். அகலமான தாம்பாளத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டு, அடியில் கனம் வையுங்கள், ஆடாமல் நிற்கும். அதே கனத்தை உயரமான டம்ளரின் மேல் வையுங்கள்; லேசாகத் தொட்டாலே சாயும். மேல் மாடியில் கூட்டம் சேர்ந்தாலும், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினாலும் படகுக்கு நேர்வது இதுதான். மாடிப் படகு எல்லாமே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. மேலே எத்தனை பேர் என்ற கணக்குக்கு உட்பட்டால் அதுவும் நல்ல படகுதான்.

ஆகவே, ஏறும் முன் ஐந்தே கேள்விகள்:

1. படகின் பக்கத்தில் பதிவு எண் எழுதியிருக்கிறதா? எத்தனை பேருக்கு அனுமதி?

2. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் உண்டா? குழந்தை அளவில் தனியாக உண்டா? பெரியவர் ஜாக்கெட் குழந்தையின் தலை வழியே நழுவிப் போகும்.

3. படகு நமக்கு மட்டுமா, வேறு யாரும் ஏறுவார்களா?

4. எந்த வழியாகப் போகும்? பெரிய காயலுக்குள் போகுமா? மழைக் காலத்தில் காயலிலும் அலை அடிக்கும்.

5. இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடுமா?

பதிலில் "ஒன்றும் ஆகாது" என்ற வார்த்தை வந்தால் அடுத்த படகைப் பாருங்கள். முன்பணம் போனால் போகட்டும். புடவைக் கடையில் வெட்கப்படாமல் கேட்கிற நமக்குப் படகுத்துறையில் மட்டும் என்ன வெட்கம்?

ஊர் திரும்பும் ரயிலில் பையன் சமாதானமாகிவிட்டான். "பாட்டி, அடுத்த வருஷம் மாடிப் படகில் போகலாமா?" என்று கேட்டான்.

"போகலாம், கண்ணா. முதலில் நீ ஜாக்கெட்டை எண்ணு, அப்புறம் பாட்டி ஏறுகிறேன்" என்றார் என் மாமியார்.

இப்போது எங்கள் வீட்டில் ஆட்டோவில் ஏறினால்கூடப் பையன் ஆட்களை எண்ணுகிறான்!