கலர் படம் எத்தனை வருஷம் தாங்கும்?

அமெரிக்காவில் படம் விற்கும் கடைகளில் ‘ழிக்லே’ என்று ஒரு சொல் புழங்குகிறது. உயர்ந்த காகிதத்தில் கம்ப்யூட்டர் வழியாக மை தெளித்து அடித்த படத்துக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு படித்தவன் காதில் விழுந்தால் சிரிப்பு வரும். சேற்றில் கால் வைத்தால் தெறிக்குமே, தக்காளியை அழுத்தினால் பீச்சுமே, அதுதான் பொருள். (வேறொரு பொருளும் உண்டு. பேத்திகள் இதைப் படிக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.) 1991-ல் கலிஃபோர்னியாவில், பாடகர் கிரஹாம் நாஷ் நடத்திய அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஜாக் டுகான் என்பவர் வைத்த பெயர். ‘இங்க்ஜெட்’ என்றால் ஆபீஸ் பிரின்டர் ஞாபகம் வருமல்லவா, அதைத் தவிர்க்கத்தான்.

இருட்டறையில் கையால் போட்ட கலர் படம்தான் கலை, மெஷின் துப்பியது வெறும் நகல் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் எவ்வளவு நியாயம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் சித்தப்பா மகன் மெட்ராஸில் ஒரு கலர் லேபில் இருந்தான். 80-களில் ஒருநாள் ராத்திரி என்னை உள்ளே அழைத்துப் போனான். கறுப்பு வெள்ளைக்குச் சிவப்பு விளக்கு எரியும், சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கலர் காகிதம் எல்லா நிற வெளிச்சத்துக்கும் கூசும்; ஆகவே கும்மிருட்டு. “அண்ணே, எதையும் தொடாதீங்க, அப்படியே நில்லுங்க” என்றான். அவன் மட்டும் தடவித் தடவிக் காகிதம் எடுத்து, எண்ணி, மருந்தில் போட்டுக்கொண்டிருந்தான். மருந்தின் சூடு ஒரு டிகிரி தவறினாலும் நிறம் மாறும். படம் மஞ்சளாக வந்தால் மஞ்சள் ஃபில்டரைக் கூட்ட வேண்டும் என்றான். எனக்குத் தலைகீழாகப் பட்டது. நெகட்டிவிலிருந்து அடிப்பதால் அப்படித்தானாம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் வேறு நிறம். அன்று எட்டுக் காகிதம் வீணாகி ஒன்பதாவது தேறியது. அவன் அதை ட்யூப்லைட்டின் கீழும் வெளிவாசலிலும் மாறி மாறிப் பார்த்து, “போதும்” என்றான். அந்தப் ‘போதும்’தான் அவன் சம்பளம்.

அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத் தாள்களோடு வாழ்ந்தவன் நான். எந்தத் தாளைக் கண்டாலும் முதலில் வரும் கேள்வி, இது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான். பதிவேட்டுக்கு ஒரு மை, துண்டுச் சீட்டுக்கு ஒரு மை என்று பழகியவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் இருட்டறைக் கலர் தலை குனிகிறது. சாதாரணக் கலர் காகிதத்தில் நிறம் என்பது மருந்தில் உண்டாகும் சாயம். எங்கள் வீட்டில் 1940-களில் எடுத்த அப்பா அம்மா படம் கறுப்பு வெள்ளையில் இன்றும் கண் சிமிட்டாமல் இருக்கிறது. 1977-ல் எங்கள் கல்யாணத்தில் எடுத்த கலர் படமோ ஆல்பத்துக்குள், இருட்டில், பத்திரமாக இருந்தும் செம்மண் நிறமாகிவிட்டது. வெயில் படாவிட்டாலும் அந்தக் காலக் காகிதத்தில் பச்சை கலந்த நீலச் சாயம் தானாகவே வெளுத்துப் போகும். அது போனால் மிஞ்சுவது சிவப்புதான். உங்கள் வீட்டு ஆல்பத்தையும் திறந்து பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கலர் போட்டோவைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் சாயத்தை நம்பவே இல்லை. லூயி துக்கோ து ஒரோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1869-ல் வழியை எழுதி வெளியிட்டார். மூன்று ஃபில்டர் வழியாக மூன்று நெகட்டிவ், பிறகு வண்ணப்பொடி கலந்த மூன்று ஜெலட்டின் படலங்கள், ஒன்றன்மேல் ஒன்று. (அதே வருஷம் ஷார்ல் க்ரோ என்ற கவிஞரும் அதே யோசனையோடு வந்தார், அது தனிக்கதை.) 1877-ல் துக்கோ து ஒரோன் எடுத்த அழேன் நகரக் காட்சி இன்றும் நிறத்தோடு இருக்கிறது.

பாரீசில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தபோது, பெர்னார் ப்ளொஸ்ஸு என்பவரின் படங்களை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். பளபளப்பே இல்லை. சுண்ணாம்புச் சுவரில் வண்ணம் பூசியது போல மெத்தென்று இருந்தது. அடியில் ‘ஃப்ரெஸ்ஸோன் முறை’ என்று எழுதியிருந்தது. பாரீசுக்குப் பக்கத்தில் சவினி-சுய்ர்-ஓர்ழ் என்ற ஊரில் ஒரே குடும்பம் 1950-களின் தொடக்கத்திலிருந்து கலரில் செய்துவரும் வேலை அது. நான்கு நிறத்துக்கு நான்கு தடவை வண்ணப்பொடிப் படலம் பூசி, வெளிச்சம் காட்டி, ஒவ்வொரு தடவையும் மரத்தூள் கலந்த தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவுகிறார்கள். மருந்து விகிதம் குடும்ப ரகசியம், நம் ஊர் லேகியம் மாதிரி.

இப்போதைய நல்ல பிரின்டரிலும் வண்ணப்பொடி மைதான். ஆக, ‘மெஷின்’ என்று ஏளனம் செய்யப்படும் படம் சரக்கில் துக்கோ து ஒரோனுக்குத்தான் சொந்தம். நடுவில் வந்த இருட்டறைக் காகிதம்தான் வேறு ஜாதி. ஒன்று சொல்லிவிட வேண்டும்: ஆரம்பகால ழிக்லேக்களும் சாய மைதான், சில வருஷத்திலேயே வெளுத்தன. இப்போதைய மை நூறு வருஷம் தாங்கும் என்பதும் பலத்த விளக்கின் கீழ் வைத்துப் போட்ட கணக்கு. யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அழேன் படத்தையோ பார்த்தாகிவிட்டது.

பணக்காரர்களுக்கு வேறு கவலை. வில்லியம் எக்ள்ஸ்டன் என்ற அமெரிக்கருக்கு 1976-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி பேர்போனது. அவருடைய படங்கள் டை டிரான்ஸ்ஃபர் என்ற முறையில் போட்டவை. அதற்கான பொருள்களை கோடாக் 1994-ல் நிறுத்திவிட்டது. 2012-ல் அதே மாதிரிப் படங்களைப் பெரிய அளவில், கம்ப்யூட்டர் அச்சில் போட்டு ஏலம் விட்டார்கள். 36 படங்கள், 59 லட்சம் டாலர். பழைய சிறிய படத்தை வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், என் சொத்தின் மதிப்பு போச்சு என்று வழக்குப் போட்டார். புதியது வேறு அளவு, வேறு முறை, எனவே வேறு பதிப்பு என்று மறு வருஷமே தள்ளுபடி ஆனது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. எங்கள் அலுவலகத்தில் உண்மை நகல் கொடுக்கும்போது நகல் எடுத்த தேதியையும் எடுத்தவர் கையெழுத்தையும் போட்டுக் கொடுப்போம். அது இருந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

போன மாதம் அந்தக் கல்யாணப் படத்தைச் சரிசெய்யக் கொண்டுபோனோம். நெகட்டிவ் கிடையாது, எடுத்த ஸ்டுடியோ எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. புடவையும் பாத்திரக்காரனிடம் போய் எவர்சில்வர் அடுக்காகிவிட்டது. கம்ப்யூட்டர் முன் இருந்த பையன் ஒரு அமுக்கு அமுக்கினான், புடவை நீலமாகிவிட்டது. “தம்பி, அது கத்திரிப்பூ கலர்” என்றாள் என் மனைவி. ஊதா வந்தது. “இது கத்திரிக்காய். நான் சொன்னது பூ.” பையன் முகம் சுளிக்கவில்லை, நாற்காலியை இழுத்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தான். ஒன்றரை மணி நேரம் அவன் நகர்த்தினான், அவள் பார்த்தாள். முகம் வேண்டாம், புடவை மட்டும் என்றால் புடவை மட்டும் மாறியது. என் தம்பியின் இருட்டறையில் அது நடக்காது. அங்கே ஃபில்டரைத் திருப்பினால் படம் முழுக்கத் திரும்பும். கடைசியில் அவளே சொன்னாள்: “போதும்.”

அது நிஜ நிறம்தானா என்று இனி யாரும் சோதிக்க முடியாது. நான் தாலி கட்டும் பதற்றத்தில் புடவையைப் பார்த்தவன் இல்லை. அவள் சாட்சியம் ஒன்றுதான் இருக்கிறது.

பருத்திக் காகிதத்தில், வண்ணப்பொடி மையில் அடித்து வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் அச்சடித்த தேதி, காகிதம், மை எல்லாம் எழுதினேன். “மூலப் படத்தில் நிறம் வெளுத்திருந்தது, திருத்தப்பட்டது” என்றும் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, கத்திரிப்பூன்னு எழுதலையே.”

அதையும் எழுதி, கீழே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.