வருத்தமும் யோசனையும்

மன்னார்த் தீவிலும் அதனை எதிர்நோக்கிய பெருநிலக் கரையிலும் வாழும் நாம் நோயை வருத்தம் என்றே சொல்லிப் பழகியவர்கள். காய்ச்சலும் வருத்தம், கால் வீக்கமும் வருத்தம். நூல்களிலோ அச்சொல் மனத்துயரைக் குறிக்கும். உடல்நோவையும் உளநோவையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர் அவற்றிடையே பெருஞ்சுவர் எதனையும் கண்டாரில்லை போலும். இன்று நாம் அச்சுவரை எழுப்பிக்கொண்டோம். மனம் நோகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஒன்றுமில்லை, கொஞ்சம் யோசனை" என்று முடித்துவிடுகிறோம்.

எமது சின்னம்மா ஒருவர் கரையோரக் கிராமத்தவர். கணவர் கடலுக்குச் செல்ல, இவர் கருவாடு காயவைத்தும் பனையோலைப் பெட்டி இழைத்தும் குடும்பத்தைத் தாங்கினார். மூத்த மகன் இறந்த மறு ஆண்டில், நெஞ்சு பாரமாயிருக்கிறது என்றார். பின்னர் தலையிடி, முதுகு உளைவு, உள்ளங்கால் எரிவு. விடியுமுன் மூன்று மணிக்கே விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடப்பார். வைத்தியசாலை ஒன்றில் இருதயத்தையும் இரத்தத்தையும் சோதித்து, "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அச்சொல் அவரைத் தேற்றவில்லை. தாம் பொய் சொல்வதாக ஊரே நினைக்கிறது என்று மேலும் ஒடுங்கினார். எட்டாம் மாதத்தில் இளம் வைத்தியர் ஒருவர், நோவைப் பற்றிய பேச்சை விடுத்து, "அம்மா, இப்பவும் பெட்டி இழைக்கிறனீங்களோ?" என்று கேட்டாராம். இழைத்து ஐந்து மாதம் என்று சொல்லும்போதே சின்னம்மா அழுதுவிட்டார்.

அவ்வைத்தியர் கேட்டது மிகச் சரியான கேள்வி. இழப்பின் துயரம் அலைபோல் வந்து போகும். இடையிலே பேரப்பிள்ளையின் குறும்புக்குச் சிரிப்பும் வரும். மனச்சோர்வு என்னும் நோயிலோ நாளின் பெரும்பொழுதும் மனம் தாழ்ந்தே கிடக்கும். விரும்பிச் செய்த வேலையும் கசக்கும். உறக்கமும் பசியும் மாறும். நான் எதற்கும் உதவாதவள் என்ற குற்றவுணர்வு குடிகொள்ளும். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் செல்லவேண்டும். உடலைச் சோதிப்பதும் வீணன்று. இரத்தசோகையும் தைரொயிட் சுரப்பியின் குறையும் இதே சோர்வைத் தரும். சோதனையில் ஒன்றும் இல்லையென்று தெரிந்தவுடன் விசாரணையை நிறுத்துவதுதான் பிழை.

எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுக் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்ததை நம்மில் மூத்தோர் அறிவர். வடக்கிலிருந்து அவ்வாறு சென்று புத்தளத்திலே நெடுங்காலம் வாழ்ந்தோரிடம் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்குக் கடும் மனச்சோர்வு. உடற்காரணம் காணப்படாத நோவுகளாக வெளிப்படும் உளத்துன்பமோ 14 பேருக்கு! வீட்டையும் கடலையும் விட்டு வந்த துயரம் பலருக்கு உடல்நோவாகவே வெளிப்பட்டிருக்கிறது.

மருந்தைப் பற்றி நம் வீடுகளில் அச்சம் மிகுதி. 1952இல் அமெரிக்காவிலே காசநோய்க்கென்று கொடுத்த ஐப்ரோனியசிட் என்னும் மருந்து நோயாளரின் மனத்தையும் கிளரச் செய்ததைக் கண்டார்கள். மனச்சோர்வு மருந்துகளின் கதை அப்படி எதிர்பாராமல் தொடங்கியது. இன்று வழங்கும் புளுவொக்சற்றீன் போன்ற குளிசைகள் மதுவைப்போல் மேலும் மேலும் வேண்டுமென்ற வேட்கையை உண்டாக்குவனவல்ல. ஆயின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடச் செல்லும். முதல் வாரத்திலேயே "இது சரிவராது" என்று எறிபவர் பலர். சுகம் கண்டவுடன் நிறுத்துபவர் அதினும் பலர். சுகமான பின்னும் ஆறு மாதமேனும் தொடர்ந்து, வைத்தியர் சொற்படியே குறைத்து நிறுத்தல் வேண்டும். இலேசான சோர்வுக்கு மருந்தின்றியே உளவளத் துணையாளருடன் பேசுவது பயன்தரும். சின்னம்மாவுக்குக் குளிசையோடு, நாளுக்கு ஓர் ஓலையேனும் வாரவேண்டும் என்ற கட்டளையும் கிடைத்தது. விருப்பம் வந்தபின் வேலை செய்வோம் என்று காத்திராது, வேலையைத் தொடங்கி விருப்பத்தை வரவழைக்கும் முறை இது. ஆண்களோ நெஞ்சு நோவென்றும் சொல்லாது சாராயத்தை நாடுகிறார்கள். அது சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

மனவடு என்னும் நூலைத் தமிழில் எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்தின் செபத்தையும் மந்திரத்தையும் மனத்தைத் தளர்த்தும் பயிற்சியாகக் கையாண்டவர். கேதீச்சரமும் மடுவும் பள்ளிவாசல்களும் அயலயலே விளங்கும் நம் மாவட்டத்துக்கு இது மிகப் பொருந்தும். கடும் நோய்க்குப் பிரார்த்தனையொன்றே போதுமென்று மருந்தை விலக்குவதை மாத்திரம் நாம் ஏற்கமாட்டோம்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது வெறும் பேச்சென்று தள்ளலாகாது. அவ்வெண்ணம் உண்டோ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அது புதிதாக முளைப்பதில்லை. அவரைத் தனியே விடாது, பூச்சிமருந்து போன்றவற்றை அகற்றி, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம். பின்னர் கிளினிக்குக்குச் செல்லும் நாள்களிலும் வீட்டார் ஒருவர் உடன் போதல் நன்று. சின்னம்மாவுடன் போகிறவர் அவருடைய மருமகள். பஸ்ஸிலே இருவரும் அதிகம் பேசுவதில்லையாம்.